ஐந்நூறைக் கூட்டினால் பெண்

உங்கள் இலங்கை அடையாள அட்டையை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். புதிய பன்னிரண்டு இலக்க அட்டை என்றால் முதல் நான்கு இலக்கமும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தீர்கள் என்ற கணக்கு. 1998 ஜனவரி 15இல் பிறந்த ஆணின் எண் 1998015 என்று தொடங்கும். அதே நாள், அதே ஆஸ்பத்திரியில் பிறந்த பெண்ணின் எண் 1998515 என்று தொடங்கும். பெண் என்றால் நாளோடு ஐந்நூறைக் கூட்டிவிடுவார்கள். ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும் கொண்ட பழைய அட்டையிலும் இதே கணக்குத்தான்.

பெரும்பாலானோருக்கு இது ஒரு சுவாரசியமான தகவல், அவ்வளவுதான். ஆண் என்று பதியப்பட்டு, பெண்ணாக வாழும் ஒருவருக்கு அப்படியில்லை. முடியை வளர்க்கலாம், சேலை உடுக்கலாம், ஊரெல்லாம் புதிய பெயரால் கூப்பிடலாம். ஆனால் வங்கியிலோ, சிம் வாங்கும் கடையிலோ, வைத்தியசாலையில் நம்பர் எடுக்கும் ஜன்னலிலோ அட்டையை நீட்டும்போது அந்த மூன்று இலக்கம் பழைய கதையைச் சொல்லிவிடும். கவுண்டரில் இருப்பவர் அட்டையைப் பார்ப்பார், முகத்தைப் பார்ப்பார், மறுபடி அட்டையைப் பார்ப்பார். பின்னால் வரிசையில் நிற்பவர்களும் எட்டிப் பார்ப்பார்கள்.

முகத்தையும் அட்டையையும் மாறி மாறிப் பார்க்கும் அந்தப் பார்வையை யாழ்ப்பாணத்துக்கு விளங்கப்படுத்த வேண்டியதில்லை. நாற்பது வயதைத் தாண்டிய எவரையும் கேளுங்கள். போர்க்காலத்தில் முகமாலையில், ஓமந்தையில், சந்திக்குச் சந்தி இருந்த சென்றி என்ற சோதனைச் சாவடிகளில், ஐசி என்ற அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற அனுபவம் இருக்கும். படத்தில் இருப்பது நீதானா என்று கேட்டால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். நமக்கு அந்தச் சென்றிகள் பெரும்பாலும் எடுபட்டுவிட்டன. நம்மோடு இருக்கும் திருநங்கைகளுக்கும் திருநம்பிகளுக்கும் ஒவ்வொரு கவுண்டரும் இன்னமும் ஒரு சென்றிதான்.

சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. பிறந்தபோது ஆண் என்று பதியப்பட்டு, தன்னைப் பெண்ணாக உணர்ந்து வாழ்பவர் திருநங்கை. பெண் என்று பதியப்பட்டு ஆணாக வாழ்பவர் திருநம்பி. இருவரையும், இந்த இரண்டுக்குள்ளும் அடங்காதவர்களையும் சேர்த்துச் சொல்லும் சொல் திருநர். இவை தமிழ்நாட்டில் பிறந்து பாக்குநீரிணையைக் கடந்து வந்தவை. அங்கேயே ஒரே நாளில் நிலைபெற்றவையும் அல்ல. 2008இல் தமிழ்நாட்டு அரசு நலவாரியம் அமைத்தபோது அதன் பெயரில் அரவாணிகள் என்றே இருந்தது. அது கூவாகத்தில் கூத்தாண்டவராகக் கும்பிடப்படும் அரவானின் கதையிலிருந்து வந்த பெயர். நமக்குக் கூவாகம் போல ஒரு திருவிழா இல்லை. அங்கே இருப்பதுபோல மூத்த திருநங்கை ஒருவர் தாயாக இருந்து இளையவர்களை மகளாகத் தத்தெடுக்கும் ஜமாத் அமைப்பும் நம் ஊரில் வேர்பிடித்ததில்லை. இது முக்கியமான வேறுபாடு. அங்கே வீடு கைவிட்டால் போய்ச் சேர, எத்தனை குறைகள் இருந்தாலும், இன்னொரு வீடு உண்டு. இங்கே வீடு கைவிட்டால் கொழும்புக்கு பஸ் ஏறவேண்டும்.

இனி சட்டம். அதில் நல்ல செய்தியும் உண்டு. மனித உரிமைகள் ஆணைக்குழுவின் முயற்சியின் பின், 2016இல் சுகாதார அமைச்சும் பதிவாளர் நாயகம் திணைக்களமும் சுற்றறிக்கைகள் வெளியிட்டன. பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் என்ற ஒன்று அப்போதுதான் வந்தது. மனநல வைத்தியர் ஒருவர் பரிசீலித்துச் சான்றிதழ் தருவார். அதைக் கொண்டுபோய்ப் பிரதேச செயலகத்தில் கொடுத்தால் பிறப்புச் சான்றிதழில் பெயரையும் பாலையும் திருத்தலாம். திருத்திய பிறப்புச் சான்றிதழோடு கிராம அலுவலரான விதானையாரிடம் போய், அவர் வழியாக ஆட்பதிவுத் திணைக்களத்துக்கு விண்ணப்பித்தால் புதிய அடையாள அட்டை வரும். ஐந்நூறு கூடும், அல்லது குறையும். அயல்நாடுகள் பலவற்றில் நீதிமன்றப் படி ஏறவேண்டியிருந்த காலத்தில், வழக்குப் போடாமலே இதைச் செய்ய ஒரு வழி இலங்கையில் திறந்தது. இதைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் அந்த வழியில் யாழ்ப்பாணத்தில் ஒருவர் நடந்து பார்க்கட்டும். முதல் நிறுத்தம் மனநலக் கிளினிக். உலக சுகாதார நிறுவனம் தன் புதிய நோய் வகைப்பாட்டில், 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்ததில், திருநராக இருப்பதை மனநோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. நம்மிடமோ வாசல் இன்னும் மனநலக் கிளினிக்காகவே இருக்கிறது. பெரியாஸ்பத்திரியில் அந்த வாங்கில் உட்கார்ந்திருந்தாலே போதும், சாயந்தரத்துக்குள் செய்தி சித்தப்பா வீட்டுக்குப் போய்விடும். யாழ்ப்பாணம் அப்படி, கிளினிக் வாங்கில் பக்கத்தில் இருப்பவர் யாராவது ஒருவருக்குச் சொந்தக்காரராக இருப்பார். அடுத்தது, சான்றிதழ்ப் படிவத்தில் ஹோர்மோன் சிகிச்சை, சத்திரசிகிச்சை பற்றிய வரிகள் இருக்கின்றன. அவற்றை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக வாசிக்க இடமுண்டு. சத்திரசிகிச்சை செய்தால்தான் கையெழுத்து என்று ஒருவர் பிடிவாதம் பிடித்தால், அதற்கான காசும் துணிவும் இல்லாதவர் அப்படியே நிற்கவேண்டியதுதான். எல்லோரும் சத்திரசிகிச்சையை விரும்புவதும் இல்லை. இன்னொன்று, இந்தச் சான்றிதழ் ஆணைப் பெண்ணாக்கும், பெண்ணை ஆணாக்கும். நான் இரண்டுமில்லை என்பவருக்கு அதில் கட்டம் கிடையாது.

அதற்குப் பிறகு சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறு, வங்கிப் புத்தகம், ஊழியர் சேமலாப நிதி, கடவுச்சீட்டு, சாரதி அனுமதிப்பத்திரம், வாக்காளர் இடாப்பு என்று ஒவ்வொன்றாக மாற்றவேண்டும். ஒவ்வொரு மேசையிலும் இருப்பவருக்கு முதலிலிருந்து கதை சொல்லவேண்டும். ஒரு மேசையில் இருப்பவர் நல்லவர் என்றால் அரை மணித்தியாலம். இல்லாவிட்டால் பெரியவர் இல்லை, நாளைக்கு வாங்கோ. சுற்றறிக்கையைப் பற்றிக் கேள்விப்படாத எழுதுநர் ஒருவருக்கு அதைப் பிரதியெடுத்துக் கொண்டுபோய்க் காட்டவேண்டியிருந்தது என்று எனக்குத் தெரிந்த ஒருவர் சொன்னார். அவர் இப்போது அந்தப் பிரதியை எப்போதும் கைப்பையில் வைத்திருக்கிறார், குடை வைத்திருப்பதுபோல.

மறுபக்கத்தில் பழைய சட்டங்கள் அப்படியே கிடக்கின்றன. 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள், ஒரே பாலினரின் பாலுறவைக் குற்றமாக்குபவை, பிரித்தானியர் விட்டுப்போனவை. 1995இல் திருத்தினார்கள், ஆண்கள் என்றிருந்ததை ஆட்கள் என்றாக்கிப் பெண்களையும் உள்ளே இழுத்துவிட்டார்கள். அட்டை மாறாத திருநங்கை ஒருவர் ஒரு ஆணோடு வாழ்ந்தால், சட்டத்தின் கண்ணுக்கு இரண்டு ஆண்கள். 399ஆம் பிரிவு ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது பற்றியது; உடை மாற்றியவரை அதில் மாட்டலாம் என்ற மிரட்டல் பலகாலமாக உண்டு. 1841ஆம் ஆண்டு அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம் இன்னும் பழையது. இரவு பஸ்ஸுக்காகக் காத்து நிற்பவரைக்கூட அதன் பேரில் விசாரிக்கலாம். திருநர் என்ற சொல் இந்தச் சட்டங்கள் எதிலும் இல்லை. பெயர் சொல்லாமலே பிடிக்கும் வலைகள் இவை.

2023இல் 365, 365அ பிரிவுகளைத் திருத்தும் தனிநபர் சட்டமூலம் ஒன்று வந்தது. அது அரசியலமைப்புக்கு முரணல்ல என்று அந்த ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்மானித்தது. பாராளுமன்றம் அதை எடுக்கவில்லை. 2024 செப்டெம்பரில் பாராளுமன்றம் கலைந்தபோது சட்டமூலமும் காலாவதியானது. கொழும்பின் கதை இவ்வளவு போதும்.

ஏனென்றால், யாழ்ப்பாணத்தில் பால் என்பது அடையாள அட்டையில் மட்டும் எழுதப்பட்டிருக்கவில்லை. நாக்கிலும் எழுதியிருக்கிறது.

திருநர் பற்றிக் கூட்டம் வைத்தால் யாராவது ஒருவர் எழும்பி, சிக்கலே வேண்டாம், எல்லோரையும் அவர் என்று சொல்லுங்கள், தமிழில் அது பொதுச்சொல் என்பார். எழுத்துத் தமிழில் சரி. யாழ்ப்பாணப் பேச்சில் சரிவராது. நாம் அவர் என்றால் ஆண்தான். மரியாதைக்குரிய பெண் அவ. அவர் வந்தவர், அவ வந்தவ. ஒரு திருநங்கையை மரியாதையாகத்தானே சொன்னேன் என்று நினைத்து அவர் என்றால், அவருடைய காதில் அது பழையபடி ஆணாக்கும் சொல்லாக விழும். (பாருங்கள், இந்த வரியிலேயே எழுத்துத் தமிழ் என்னை அவருடைய என்று எழுதவைத்துவிட்டது. பேசும்போது அவவின்ரை என்றிருப்பேன்.) ஆதரவு என்பதை எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன். ஒரே ஒரு எழுத்து, அவர் என்பதில் உள்ள ர். நங்கைக்கு அதை எடுத்துவிடுங்கள், நம்பிக்குச் சேருங்கள். தெரியாவிட்டால் கேளுங்கள். யாழ்ப்பாணத்தில் நாம் கேட்கத் தயங்காத கேள்வியே கிடையாது; ஊர் எது, ஆற்றை பிள்ளை, என்ன சம்பளம் எல்லாம் முதல் ஐந்து நிமிடத்தில் கேட்டுவிடுகிறோம். உங்களை எப்படிக் கூப்பிட என்று கேட்பதில் மட்டும் என்ன வெட்கம்?

இலக்கணக்காரர் இதைப் பற்றி யோசிக்காமல் இருக்கவில்லை. தொல்காப்பியம் ஆண்மை திரிந்தவர்களைச் சொல்லும் பெயர்களை உயர்திணையில் வைக்கிறது. அவர்களுக்கென்று தனி விகுதி கிடையாது, உயர்திணை விகுதிகளையே பெறுவர் என்கிறது. நன்னூல் இன்னும் ஒரு படி போகிறது. பெண்மையை விட்டு ஆண்மையை அவாவுவோர் ஆண்பால், ஆண்மையை விட்டுப் பெண்மையை அவாவுவோர் பெண்பால் என்று அது பிரிக்கிறது. அவாவுதல் என்ற சொல்லைக் கவனியுங்கள். எதை விரும்புகிறாரோ அந்தப் பால். மனநல வைத்தியரின் கையெழுத்தைப் பற்றிய பேச்சே இல்லை. ஆனால் நன்னூலார் அதோடு நிறுத்தவில்லை. இருவரும் அஃறிணை போலவும் ஆவர் என்று அடுத்த அடியில் சேர்த்துவிட்டார். அந்த ஒற்றை அடி வழியாகத்தான் அது என்ற சொல் உள்ளே வருகிறது. நன்னூலுக்குக் காண்டிகையுரை எழுதிய ஆறுமுக நாவலர் நல்லூர்க்காரர். நம்முடைய வாத்திமார் தலைமுறை தலைமுறையாகப் படித்துக் கொடுத்தது அந்த நூலைத்தான். நம் ஊருக்கு இலக்கணம் தெரியாது என்று யாரும் சொல்லமுடியாது. மூன்று அடியில் எந்த அடியைப் பிடித்துக்கொண்டோம் என்பதுதான் கேள்வி.

அது என்ற சொல்லும் நம் பேச்சில் இரட்டை முகம் கொண்டது. பாவம் அதுகள், சாப்பிடாமல் கிடக்குதுகள் என்று பிள்ளைகளைப் பார்த்து அன்பாகச் சொல்வோம். அதே அதுகளை ஒரு திருநங்கை போகும்போது சந்தியில் இருந்து சொன்னால் சாட்டையடி. பள்ளிக்கூட நாட்களில் ஒன்பது என்று ஒரு வகுப்புத் தோழனைக் கூப்பிட்டுச் சிரித்த கூட்டத்தில் நானும் இருந்தேன். அவன் சாதாரண தரம் எழுதாமலே நின்றுவிட்டான். அவனா, அவளா என்று இப்போதுகூட எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

நல்ல சொற்களும் இருக்கின்றன. நம் அப்பாச்சிமார் மோனை என்றால் அது மகனா மகளா என்று பார்ப்பதில்லை. பிள்ளை என்பது ஆணுக்கும் பொருந்தும், பெண்ணுக்கும் பொருந்தும். இங்கை வா பிள்ளை, சாப்பிட்டனியே மோனை. எந்தப் பயிற்சிப் பட்டறையும் வைக்காமல், எந்தச் சுற்றறிக்கையும் வராமல், படலைக்குள் நுழையும் ஒருவரைச் சங்கடப்படுத்தாமல் அழைக்கும் சொல் நம் வாயிலேயே இருக்கிறது.

வீட்டுக்குள் வருவோம். யாழ்ப்பாணத்துப் பெற்றோர் கொடுமைக்காரர் என்று நான் நினைக்கவில்லை. பிள்ளையின் மாற்றத்தைக் கேட்டதும் முதலில் அவர்களுக்கு வருவது வெறுப்பைவிடக் கணக்கு. தங்கச்சிக்குக் கலியாணம் பேசேக்க என்ன சொல்றது? இந்தக் கணக்குக்கு ஆழமான வேர் இருக்கிறது. நம்மூரில் பால் என்பது காணி உறுதியிலும் எழுதப்பட்டிருக்கிறது. 1707இல் ஒல்லாந்தர் தொகுத்த, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டமான தேசவழமையில் பெண்ணின் சீதனச் சொத்து ஒரு தனி வகை. இன்றைக்கும் தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண், தன் சொந்தக் காணியை விற்கக் கணவனின் சம்மதம் கேட்கவேண்டும். ஆணுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. வீடும் வளவும் பெரும்பாலும் பெண்பிள்ளைக்குப் போகும். ஆண்பிள்ளை உழைத்துச் சகோதரிகளைக் கரைசேர்க்கவேண்டும். இந்த ஏற்பாட்டில் மகன் ஒருநாள் நான் மகள் என்று வந்து நின்றால், தாய் தகப்பனுக்கு மகன் மட்டும் தொலைந்துபோவதில்லை. சீதனக் கணக்கு முழுவதும் கலைந்துபோகிறது. திருநம்பி என்றால் இன்னொரு விதம். பிள்ளைக்குக் கலியாணம் கட்டிவைத்தால் எல்லாம் சரியாகும் என்று அவசர அவசரமாக மாப்பிள்ளை பார்ப்பார்கள். சாத்திரியாரிடம் போவார்கள், நூல் கட்டுவார்கள், கிரகதோசம் கழிப்பார்கள்.

ஆகவே ஒரு குடும்பத்துக்கு ஆதரவு கொடுப்பது என்றால், மனம் விரிவடையவேண்டும் என்று உபதேசம் பண்ணுவது அதிகம் உதவாது. அந்தத் தங்கச்சியைப் பெண் பார்க்க வரும் வீட்டாரில் ஒருவர், மூத்தவ எங்கே, அவவையும் கூப்பிடுங்கோ என்று கேட்டால் உதவும். மாமனோ பெரியம்மாவோ ஒருவர் உறுதியாக நின்றால் வீட்டின் பயம் பாதி இறங்கிவிடும் என்பதை நான் பார்த்திருக்கிறேன். வெளிநாட்டில் இருக்கும் உறவுக்கு இதில் தனிப் பங்குண்டு. ரொறன்ரோவில் பெருமை (Pride) ஊர்வலத்தைப் படமெடுத்துப் போடும் அண்ணன், காங்கேசன்துறை வீதியில் இருக்கும் தன் சொந்தச் சகோதரத்தின் தொலைபேசியை எடுக்காமல் இருப்பதும் நடக்கிறது. காசு அனுப்புகிறவரின் சொல்லுக்கு வீட்டில் எடை அதிகம். அவர் ஒரு வசனம் சொன்னால் போதும்.

கோயிலும் ஒரு வாசல். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போகவேண்டும். திருவிழாக் காலத்தில் ஆண்கள் அங்கப்பிரதட்சணம் செய்ய, பெண்கள் விழுந்து கும்பிட்டு அடியழிப்பார்கள். இருபத்தைந்து நாள் திருவிழாவில் ஒரு திருநம்பி எந்தப் பக்கம் நிற்பார் என்று யோசித்துப் பாருங்கள். சட்டையைக் கழற்றவும் முடியாது, கழற்றாமல் உள்ளே போகவும் முடியாது. வெளிவீதியில் நின்று கும்பிட்டுவிட்டு, மணலில் இருந்து கச்சான் சாப்பிட்டுவிட்டு வருவார். அர்த்தநாரீசுவரர் நம் மரபில் இருக்கிறாரே, நம் சமயம் இதை எப்போதோ ஏற்றுக்கொண்டது என்று மேடையில் சொல்வோரைக் கேட்டால் எனக்கு அலுப்புத்தான் வரும். சிவனின் பாதியைக் கும்பிடுகிறவர், யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு திருநங்கைக்கு அறை வாடகைக்குக் கொடுக்கிறாரா? அதேபோலத்தான் கூத்து உதாரணமும். அந்தக் காலத்து இசைநாடகத்தில் சந்திரமதியாக ஆண்தானே வந்தார், ஊரே அழுததே என்பார்கள். அழுதது உண்மை. விடிய வேசம் கழுவிவிட்டு அவர் ஆணாக வீட்டுக்குப் போனார் என்பதும் உண்மை. வேசம் கழுவ விரும்பாதவர்களைப் பற்றித்தான் நாம் கதைக்கிறோம்.

சரி, கொண்டாட்டத்துக்கு வருவோம். மார்ச் 31 திருநரின் இருப்பை வெளிப்படுத்தும் சர்வதேச நாள். ஜூன் பெருமை மாதம். நவம்பர் 20 வன்முறையில் இறந்த திருநரை நினைவுகூரும் நாள். நவம்பர் யாழ்ப்பாணத்துக்கு ஏற்கெனவே இறந்தவர்களுக்கு விளக்கேற்றும் மாதம் என்பதால் அதன் பொருளை இங்கே யாருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. யாழ்ப்பாணத் திருநர் வலையமைப்பு போன்ற, திருநர் தாங்களே நடத்தும் அமைப்புகள் இங்கே பல ஆண்டுகளாக வேலை செய்கின்றன. யாழ் நகர வீதியில் வானவில் கொடியோடு ஊர்வலமும் போயிருக்கிறது.

ஊர்வலம் என்றதும் ஒரு கேள்வி வரும். இருக்கட்டும், ஆனால் ஏன் ரோட்டில் இறங்கவேணும்? எனக்கு இந்தக் கேள்விதான் விளங்குவதில்லை. யாழ்ப்பாணத்தில் எதுதான் ரோட்டுக்கு வராமல் இருக்கிறது? தேர் வருகிறது. தூக்குக்காவடி உழவு இயந்திரத்தில் தொங்கிக்கொண்டு வருகிறது. 1904இலிருந்து நடக்கும் வடக்கின் பெரும் போர் என்ற கிரிக்கெட் போட்டிக்கு, சென்றல் பெடியளும் சென் ஜோன்ஸ் பெடியளும் பேண்ட் அடித்துக்கொண்டு கொடியோடு போகிறார்கள். சாமத்திய வீட்டுக்குப் பிள்ளையைக் குதிரை வண்டியில் ஏற்றி ஊர் சுற்றுகிறோம், மேலே ட்ரோன் பறக்கிறது. நமக்கு எது மதிப்போ அதை வீதிக்குக் கொண்டுவருவது நம் பழக்கம். காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் வீதியோரத்தில் வருடக்கணக்காக இருந்ததும், இருக்கிறோம் என்று சொல்வதற்கு வேறு இடம் இல்லாததால்தான்.

ஆனாலும் ஊர்வலம் வருடத்தில் ஒரு நாள். அதில் நடப்பவர் பலருக்கு மறுநாள் வேலைக்குப் போகும் இடத்தில் என்ன நடக்கும் என்பது பெரிய கேள்வி. அலங்கார வேலை, சமையல் ஓடர், தையல், அமைப்புகளில் சின்னச் சின்ன வேலை என்று ஒரு வட்டத்துக்குள்ளேயே திருநரின் உழைப்பு சுற்றுகிறது. படிப்பு இடையில் நின்றதால் அந்த வட்டம் இன்னும் சுருங்குகிறது. நம்முடைய பிரபல பாடசாலைகள் ஆண்கள் பாடசாலை, பெண்கள் பாடசாலை என்று பிரிந்தவை. இரட்டைப் பின்னலும் வெள்ளைச் சட்டையும் ஒரு பக்கம், ஒட்ட வெட்டிய தலைமுடி மறுபக்கம். பதின்மூன்று, பதினான்கு வயதில் தன்னைப் பற்றித் தெரியவரும் பிள்ளைக்கு அந்தப் படலை ஒவ்வொரு காலையும் ஒரு சோதனை. ஒரு வகுப்பாசிரியர் கேலியை முதல் நாளே நிறுத்தினால் அந்தப் பிள்ளை சாதாரண தரம் எழுதிவிடும். பெறுபேறு கையில் இருந்தால் பிறகு பெயரைத் திருத்திக்கொள்ளலாம். எழுதாத பரீட்சையில் எதைத் திருத்துவது?

வைத்தியசாலையில் வாட் பிரச்சினை. காய்ச்சலோடு வந்த திருநங்கையை ஆண்கள் வாட்டிலா, பெண்கள் வாட்டிலா போடுவது என்று தாதியர் தடுமாறுவார்கள். அவவைக் கேட்டால் அரை நிமிடத்தில் தீரும். கேட்காமல், நாலு பேர் கூடி நின்று கதைத்து, கடைசியில் நடைபாதையில் கட்டில் போட்டால், அடுத்த முறை காய்ச்சல் வந்தால் அவ ஆஸ்பத்திரிக்கு வரமாட்டா. டெங்குக் காலத்தில் இது உயிர்ப் பிரச்சினை.

கொண்டாடுவது என்பதற்கு யாழ்ப்பாணத்தில் ஏற்கெனவே ஒரு முறை இருக்கிறது. ஒருவரை நாம் மதிக்கிறோமா இல்லையா என்பது கலியாண வீட்டில் தெரிந்துவிடும். வீட்டுக்கு வந்து, வெற்றிலை வைத்து, நேரில் சொன்னார்களா? அல்லது வாட்ஸப்பில் அட்டையைத் தட்டிவிட்டார்களா? குடும்பப் படம் எடுக்கும்போது மேடைக்கு ஏறச் சொன்னார்களா? ஆலாத்தி எடுக்கும் இரண்டு பெண்களில் ஒருவராக நிற்கச் சொன்னார்களா? தோழனாக நிற்க அந்தத் தம்பியைக் கேட்டார்களா? எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், கலியாணப் பொன்னுருக்குக்கு வராதே என்று சொல்லப்பட்ட ஒருவ, ஒரு வருடம் கழித்து அதே வீட்டில் குழந்தைக்கு முப்பத்தொண்டு கழிக்கும்போது பிள்ளையை மடியில் வைத்திருந்தா. நடுவில் என்ன நடந்தது என்று கேட்டேன். ஒன்றும் நடக்கவில்லை, பிள்ளை பிறந்தபோது இரவிரவாக ஆஸ்பத்திரியில் நின்றது அவதான் என்றார்கள். அந்தப் பிள்ளைக்கு அவ மாமி. பேசத் தொடங்கியதிலிருந்து அப்படித்தான் கூப்பிடுகிறது.

செத்த வீட்டைச் சொல்லாமல் முடிக்கமுடியாது. ஒரே பிள்ளை, மகன் என்று வளர்த்த பிள்ளை, இப்போது மகள். தகப்பன் இறந்தால் கொள்ளி வைப்பது யார்? நம் வழக்கத்தில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. கொள்ளிக்காக மட்டும் வேட்டி கட்டிவரச் சொல்வார்கள். இவ்வளவு நாளும் வேண்டாதிருந்த மகன் அன்றைக்கு மட்டும் வேண்டும். சிலர் கட்டுகிறார்கள், தகப்பனுக்காக. சிலர் மறுக்கிறார்கள், ஒன்றுவிட்ட தம்பி வைக்கிறான். சேலையோடு சுடலைக்குப் போய் வைப்பேன் என்று ஒருவர் நின்றால், அந்த நேரத்தில் பக்கத்தில் நிற்கும் ஐயரும் ஊர்ப் பெரியவரும் என்ன சொல்வார்கள் என்பதைப் பொறுத்தது. மகளே கொள்ளி வைத்த செத்த வீடுகள் இந்த ஊரில் இல்லாமலில்லை. போர் எத்தனையோ வீடுகளில் ஆண் துணையை இல்லாமல் செய்தபோது வழக்கம் வளைந்து கொடுத்தது.

எந்தச் செத்த வீட்டுக்கும் முதல் நாள் பத்திரிகைக்கு மரண அறிவித்தல் எழுதுவார்கள். இன்னாரின் அன்புக் கணவரும், இன்னார் இன்னாரின் பாசமிகு தந்தையும் ஆவார் என்று. பிள்ளைகளின் பெயர்கள் வரிசையாக வரும். பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் கனடா, பிரான்ஸ், லண்டன் என்று நாடு போடுவார்கள். ஆணா பெண்ணா என்று போடுவதில்லை. அறிவித்தலை எழுதிக்கொண்டிருக்கும் மருமகன் பேனையை நிறுத்தி, மூத்தவவின்ரை பேரை எப்பிடிப் போட என்று கேட்டால், அவ இப்போது வைத்திருக்கும் பெயரைச் சொல்லிக் கொடுங்கள், எழுத்துக் கூட்டி.